அட்மினைத் தெரிந்துகொள்ளும் குக்கி: பழைய பி.எச்.பி தளம் ஒன்றில் பார்த்த வேலை

ஒரு சிறு பதிப்பகத்தின் புத்தகப் பட்டியல் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபிரேம்ஒர்க் எதுவும் கிடையாது. வெறும் பி.எச்.பி, மைஎஸ்கியூஎல், குறைந்த கட்டணத்தில் ஒரு ஷேர்டு ஹோஸ்டிங். பட்டியலைத் திருத்தும் உரிமை மூன்று பேருக்கு: பதிப்பாளர், மெய்ப்புப் பார்க்கும் அக்கா, நான். பதிப்பாளர் பின்னட்டைக் குறிப்புகளை நேராகத் தளத்திலேயே தட்டச்சு செய்பவர், அதுவும் நிதானமாக. "தம்பி, ஒரு குறிப்பு எழுதி முடிக்கிறதுக்குள்ள வெளிய தள்ளிடுதுப்பா. சேமின்னு அமுக்கினா மறுபடி லாகின் கேக்குது. எழுதினதெல்லாம் போச்சு" என்று சலித்துக்கொண்டார். அக்காவுக்கு வேறு குறை. அவர் ஃபோனில்தான் திருத்துவார். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை அடிக்க அலுத்துப்போய், அதை எவ்வளவு சின்னதாக வைக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக மாற்றி வைத்திருந்தார். முதல் குறை எரிச்சல் தருவது, இரண்டாவது ஆபத்து. அதனால் வேலையைத் தள்ளிப்போட முடியவில்லை.

வெளியே தள்ளுவதன் காரணம் எளிது. லாகின் செய்து உள்ளே இருப்பவர் யார் என்பதை நினைவில் வைக்கும் பி.எச்.பியின் செஷன் தகவல் சர்வரில் ஒரு கோப்பாகக் கிடக்கும். கடைசியாகத் தொட்டதிலிருந்து 1,440 விநாடி, அதாவது 24 நிமிடம் கடந்துவிட்டால் அது குப்பைக் கணக்கில் சேர்ந்துவிடும் என்பது பி.எச்.பியின் இயல்பு அமைப்பு. தட்டச்சு செய்துகொண்டே இருந்தாலும் சர்வருக்கு அது தெரியாது. பக்கம் எதுவும் கேட்கப்படவில்லையே. அந்த நேரத்தைக் கூட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் அது பெரும்பாலும் பலிக்காது. பல தளங்களின் செஷன் கோப்புகள் ஒரே அடைவில் கிடந்தால், யாருடைய அமைப்பில் நேரம் மிகக் குறைவோ அவருடைய நிரல் வந்து எல்லோருடைய கோப்பையும் பெருக்கித் தள்ளிவிடும். நம் தளத்துக்கென்று தனி அடைவைச் செஷன் பாதையாகக் கொடுத்த பிறகுதான் நேரக் கணக்கு நம் கைக்கு வரும். அதைச் செய்தேன். ஆனால் செஷனை ஒரு மாதம் உயிரோடு வைத்திருப்பது சரியான வழியல்ல. செஷன் குறுகியதாகவே இருக்கட்டும். திரும்பி வருகிறவரை அடையாளம் காண வேறொரு குக்கி இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

குக்கி பிறந்ததே ஏறக்குறைய இந்த வேலைக்குத்தான். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுலி அதை வடிவமைத்தபோது, வெளியுலகில் அதன் முதல் பயன்பாடு நெட்ஸ்கேப் தளத்துக்கு வந்தவர் ஏற்கெனவே வந்தவரா என்று பார்ப்பது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்.டி.டி.பிக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதிதுதான். உலாவி ஒரு சின்னத் துண்டை வைத்திருந்து ஒவ்வொரு முறையும் திருப்பிக் கொடுத்தால்தான் இன்னார் என்று சர்வருக்குத் தெரியும். ஆனால் அந்தத் துண்டு இருப்பது வருகிறவர் கையில். அவர் நினைத்தால் அதில் எதையும் எழுதிக்கொள்ளலாம். இதை மறந்தால் எல்லாம் கெடும்.

பழைய நிரலில் அதைத்தான் மறந்திருந்தார்கள். எனக்கு முன்னால் யாரோ எழுதியது. அட்மின் என்ற பெயரில் ஒரு குக்கி, அதன் மதிப்பு 1. பொதுப் பக்கத்தில் 'திருத்து' என்ற இணைப்பைக் காட்ட மட்டும்தான் இது இருக்கும் என்று நினைத்தேன். தேடிப்பார்த்தால் புத்தகத்தை நீக்கும் பக்கமும் இதையே நம்பியிருந்தது. குரோமில் எஃப்12 அமுக்கி, அப்ளிகேஷன் பகுதியில் குக்கிகளைத் திறந்து, அந்தப் பெயரையும் 1 என்ற எண்ணையும் கையால் சேர்த்தேன். லாகினே செய்யாமல் சோதனைப் புத்தகம் ஒன்றை நீக்க முடிந்தது. அன்றைக்கே அந்தக் குக்கியைப் பார்க்கும் வரிகளை நிரலிலிருந்து எடுத்துவிட்டு, தற்காலிகமாகச் செஷனை மட்டும் பார்க்கும்படி மாற்றினேன். எழுதியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காலத்துப் பாடங்களில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லின் எம்.டி5 ஹாஷையும் (கடவுச்சொல்லைக் கணக்கிட்டு உருமாற்றிய குறியீடு) குக்கியில் போடும் இன்னொரு வழக்கமும் அப்போது இருந்தது. பார்க்கப் பாதுகாப்பானதுபோல இருக்கும். ஆனால் அந்த ஹாஷே அப்புறம் கடவுச்சொல்லின் வேலையைச் செய்கிறது. குக்கியை எடுத்தவருக்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. அக்காவுடையது மாதிரிச் சின்னக் கடவுச்சொல் என்றால் ஹாஷிலிருந்து அதையும் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, புதிய அமைப்புக்கு வருவோம். குக்கியில் பயனர் பெயர் இல்லை, உரிமை இல்லை, பொருள் தரும் எதுவுமே இல்லை. தற்செயலாக உருவாக்கிய இரண்டு துண்டுகள் மட்டும். முதல் துண்டு தேடுவதற்கு: 12 பைட், பதினாறடிமான எழுத்தில் 24 எழுத்து. இரண்டாவது துண்டு சரிபார்க்க: 32 பைட், 64 எழுத்து. நடுவில் ஒரு புள்ளி. இரண்டையும் பி.எச்.பியின் ரேண்டம்_பைட்ஸ் தருகிறது. தரவுத்தளத்தில் ஒரு புது அட்டவணை போட்டேன். அதில் முதல் துண்டு அப்படியே இருக்கும். இரண்டாவது துண்டின் எஸ்.எச்.ஏ-256 ஹாஷ் மட்டும் இருக்கும். கூடவே பயனர் எண், காலாவதி, கடைசியாக வந்த நேரம், உலாவிக்கு ஒரு பெயர்.

ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும்? ஒரே நீளமான ரகசியத்தை வைத்து 'இது இருக்கிறதா' என்று தரவுத்தளத்தைக் கேட்டால், அது எத்தனை எழுத்து வரை ஒத்துப்போகிறது என்பதைப் பொறுத்துப் பதில் வரும் நேரம் மிக நுட்பமாக மாறலாம். அதை அளந்து ரகசியத்தைத் துப்பறிய வழி இருக்கிறது. பிரித்துவிட்டால், தேடுவது ரகசியமில்லாத துண்டை வைத்து. ரகசியத் துண்டின் ஹாஷை ஹாஷ்_ஈக்வல்ஸ் என்ற பி.எச்.பி கட்டளை மூலம் ஒப்பிடுகிறோம். எந்த எழுத்தில் பிசகினாலும் அது எடுக்கும் நேரம் ஒன்றுதான். தரவுத்தளத்தின் நகல் ஒன்று வெளியே கசிந்தாலும், ஹாஷிலிருந்து குக்கியைத் திரும்பச் செய்ய முடியாது. கடவுச்சொல்லுக்குப் பயன்படுத்தும் பிகிரிப்ட் மாதிரி மெதுவான ஹாஷ் இங்கே தேவையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வேண்டாம். மனிதர் யோசித்து வைக்கும் சொல்லை ஊகிக்க முடியும் என்பதால்தான் அந்த மெதுவான முறை. 256 பிட் தற்செயல் எண்ணை யாரும் ஊகிக்கப் போவதில்லை.

குக்கியை அனுப்பும் இடத்தில்தான் எதிர்பாராத தொல்லைகள். முதலாவது, 'தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்ற எச்சரிக்கை. குக்கி எச்.டி.டி.பி தலைப்பில் போவதால், பக்கத்தில் ஒரு எழுத்து வெளியாவதற்கு முன்பே அதை அனுப்பியாக வேண்டும். நிரலில் எதுவும் வெளியிடவில்லை, ஆனாலும் எச்சரிக்கை வந்தது. தமிழ்ச் சொற்களைத் தொகுத்து வைத்திருந்த கோப்புதான் காரணம். அதை யாரோ பழைய விண்டோஸ் நோட்பேடில் யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து நோட்பேடு கோப்பின் தொடக்கத்தில் பி.ஓ.எம் எனப்படும், கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளைத் தானாகச் சேர்க்கும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில்தான் அந்த வழக்கம் மாறியது. பி.எச்.பிக்கு அந்த மூன்று பைட்டும் பக்கத்தின் வெளியீடுதான். தமிழில் பி.எச்.பி தளம் வைத்திருப்பவர்கள் செஷனோ குக்கியோ காரணமில்லாமல் வேலை செய்யவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். நோட்பேடு++ஸில் திறந்து, பி.ஓ.எம் இல்லாத யூ.டி.எஃப்-8 ஆகச் சேமித்தால் தீர்ந்தது.

இன்னொன்று பாதை. பாதை சொல்லாமல் குக்கி அனுப்பினால், அனுப்பிய பக்கம் எந்த அடைவில் இருக்கிறதோ அதற்குள் மட்டும்தான் அது செல்லும். லாகின் பக்கம் அட்மின் அடைவில் இருக்கிறது. அதனால் பொதுப் பக்கங்களுக்குக் குக்கி வராது, 'திருத்து' இணைப்பும் தெரியாது. வெளியேறும்போது குக்கியை அழிக்கவும் அதே பாதையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது அழியாது. முன்னால் மூன்று டபிள்யூவுடன் ஒரு முகவரி, இல்லாமல் ஒரு முகவரி என்று தளம் இரண்டிலும் திறந்ததும் குழப்பியது. ஒன்றில் வாங்கிய குக்கி மற்றதற்குப் போகாது. எல்லாவற்றையும் ஒரே முகவரிக்குத் திருப்பிவிட்டேன்.

பெயருக்கு முன்னால் 'இரண்டு அடிக்கோடு, ஹோஸ்ட், ஒரு சிறுகோடு' என்ற முன்னொட்டைச் சேர்த்தது இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. அந்த முன்னொட்டு இருந்தால், செக்யூர் (எச்.டி.டி.பி.எஸ் வழியாக மட்டும் அனுப்பு) என்ற பண்பு இல்லாமலோ, பாதை வேர் அடைவாக இல்லாமலோ, டொமைன் என்று ஏதாவது சொல்லியோ அனுப்பும் குக்கியை உலாவியே வாங்க மறுத்துவிடும். நாளைக்கு வேறு யாராவது நிரலைத் தொட்டு ஒரு பண்பை எடுத்துவிட்டால் உடனே தெரிந்துவிடும். எங்களிடம் சோதனைக்கென்று ஒரு துணை டொமைன் இருக்கிறது. அங்கிருந்து யாரும் இந்தக் குக்கியை மேலெழுதவும் முடியாது. புள்ளி வைத்த பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குக்கிப் பெயரில் புள்ளி இருந்தால் பி.எச்.பி அதை உள்ளே வாங்கும்போது அடிக்கோடாக மாற்றிவிடும். மதிப்பில் புள்ளி இருந்தால் பாதகமில்லை.

எச்.டி.டி.பி-ஒன்லி கட்டாயம். ஜாவாஸ்கிரிப்டால் குக்கியைப் படிக்க முடியாமல் செய்வது அது. 2002இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. செக்யூர் ஏன் வேண்டும் என்பதற்கு 2010இன் ஃபயர்ஷீப் போதும். பொது வைஃபையில் உட்கார்ந்து பக்கத்து மேசைக்காரரின் குக்கியை ஒரே கிளிக்கில் எடுத்துக்கொள்ள உதவிய ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி அது. பெரிய தளங்கள் எல்லாப் பக்கத்தையும் எச்.டி.டி.பி.எஸுக்கு மாற்ற அது ஒரு தூண்டுதல்.

வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கியை அனுப்பலாமா என்று சொல்லும் சேம்சைட் பண்பில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. முதலில் ஸ்டிரிக்ட் என்று வைத்தேன். பதிப்பாளருக்குப் புத்தக ஆர்டர் வரும்போது மின்னஞ்சல் போகும். அதில் அந்தப் புத்தகத்தின் பக்கத்துக்கு இணைப்பு இருக்கும். அவர் மின்னஞ்சலை உலாவியில்தான் படிக்கிறார். ஸ்டிரிக்ட் என்றால், வேறொரு தளத்திலிருந்து இணைப்பை அமுக்கி வரும்போது உலாவி குக்கியை அனுப்பாது. நேராக முகவரி அடித்தால் உள்ளே போகிறது, மின்னஞ்சலிலிருந்து வந்தால் லாகின் கேட்கிறது. லேக்ஸ் என்று மாற்றியதும் இது சரியானது. ஆனால் லேக்ஸ் இணைப்பை அமுக்கி வருவதை அனுமதிக்கிறது என்பதன் மறுபக்கமும் உண்டு. பழைய நிரலில் புத்தகத்தை நீக்குவதே ஒரு சாதாரண இணைப்புதான். 'இந்தப் பக்கத்தைப் பாருங்கள் ஐயா' என்று யாராவது அந்த நீக்கும் முகவரியை மின்னஞ்சலில் அனுப்பி, பதிப்பாளர் அமுக்கினால், குக்கியும் கூடவே போகும், புத்தகமும் போய்விடும். அதனால் எதையும் மாற்றுகிற செயல்களை எல்லாம் போஸ்ட் படிவமாக மாற்றி, அது எங்கள் தளத்தின் படிவம்தானா என்று சரிபார்க்க ஒவ்வொன்றிலும் செஷனோடு சேர்ந்த ஒரு மறைவு டோக்கனும் வைத்தேன். நேரத்தை அதிகம் விழுங்கியது குக்கி அல்ல, இதுதான்.

அந்த டோக்கனால் பதிப்பாளரின் பழைய குறை வேறு வடிவில் திரும்பி வந்தது. அவர் மெதுவாக எழுதுகிறார், செஷன் காலாவதியாகிறது. சேமி என்று அமுக்கியதும் குக்கி அவரை அடையாளம் காட்டுகிறது, புதுச் செஷன் பிறக்கிறது. ஆனால் படிவத்தில் இருக்கும் டோக்கன் பழைய செஷனுடையது, ஒத்துப்போகாது. இந்த இடத்தில் பிழைச் செய்தி காட்டினால் எழுதியது மறுபடியும் போய்விடும். அதற்குப் பதிலாக, அவர் எழுதியதை அப்படியே நிரப்பி, புது டோக்கனுடன் அதே படிவத்தைக் காட்டி, 'நேரம் கடந்துவிட்டது, மறுபடி சேமி அமுக்கவும்' என்று சொல்லும்படி வைத்தேன். கூடவே, தட்டச்சு செய்வதை அவ்வப்போது உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜிலும் சேமிக்க ஒரு சிறு நிரல்.

ஒவ்வொரு முறை அடையாளம் கண்டதும் ரகசியத் துண்டை மாற்றிவிட வேண்டும் என்பது பேரி ஜாஸ்பன் என்ற நிரலாளர் 2006இல் விளக்கிய முறை. பழைய துண்டு மறுபடி வந்தால் யாரோ திருடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், உடனே அந்தப் பயனரின் எல்லா உலாவிகளையும் வெளியேற்றலாம். அருமையான யோசனைதான். நடைமுறையில், உலாவியைத் திறந்ததும் பழைய டேப்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஏற்றப்படும். முதல் டேப் துண்டை மாற்றிவிடுகிறது. இரண்டாவது டேப் பழைய துண்டுடன் வந்து நின்று திருடன் பட்டம் வாங்குகிறது. மாற்றியபின் 60 விநாடி வரை முந்தைய துண்டையும் ஏற்கும்படி அட்டவணையில் ஒரு புலம் சேர்த்தேன். அக்கா ரயிலில் வரும்போது சிக்னல் அறுந்து, சர்வர் அனுப்பிய புதுக் குக்கி ஃபோனுக்குப் போய்ச் சேராமல் போவதற்கு 60 விநாடி போதாது. அதனால் துண்டு ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஒரு உலாவியின் பதிவை மட்டும் நீக்கிவிட்டுக் கடவுச்சொல் கேட்கிறேன், ஒரு மின்னஞ்சலும் போகிறது. எல்லா உலாவிகளையும் வெளியேற்றுவது மூன்று பேர் தளத்துக்கு அதிகப்படி என்பது என் கணிப்பு. வங்கித் தளம் என்றால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேன்.

குக்கியால் வந்தவர், கடவுச்சொல் அடித்து வந்தவர் என்ற வேறுபாட்டைச் செஷனில் குறித்துவைக்கிறேன். குக்கி சொல்வதெல்லாம் 'இந்த உலாவியில் முன்பு ஒருமுறை சரியான கடவுச்சொல் அடிக்கப்பட்டது' என்பதுதான். இப்போது முன்னால் உட்கார்ந்திருப்பவர் யார் என்று அதற்குத் தெரியாது. குறிப்பைத் திருத்த, அட்டைப்படம் மாற்ற அது போதும். புத்தகத்தை நீக்க, விலையை மாற்ற, கடவுச்சொல்லை மாற்ற, புது அட்மினைச் சேர்க்க என்றால் கடவுச்சொல்லை மறுபடி கேட்கும். கிட்ஹப்பும் முக்கியமான அமைப்புகளைத் தொடும்போது இப்படித்தான் மறுபடி கேட்கிறது. எப்படி வந்தாலும், அடையாளம் கண்டவுடன் செஷன் எண்ணைப் புதிதாக்கிவிட வேண்டும். பழைய எண்ணை யாராவது தெரிந்துவைத்திருந்தால் அது செல்லாமல் போக.

சோதனையின்போது கேஷ் ஒரு வேடிக்கை காட்டியது. பொதுப் பக்கங்கள் கோப்பாகச் சேமிக்கப்பட்டு அடுத்தவருக்கு அப்படியே தரப்படும். கேஷ் காலாவதியானதும் முதலில் வருகிறவர் அட்மினாக இருந்தால், 'திருத்து' இணைப்போடு பக்கம் சேமிக்கப்பட்டு, வாசகர் எல்லோருக்கும் அது தெரிந்தது. அமுக்கினால் லாகின் கேட்கும் என்பதால் ஆபத்தில்லை, ஆனால் அசிங்கம். அடையாளக் குக்கி வந்தால் கேஷிலிருந்து எடுக்கவும் கூடாது, கேஷில் போடவும் கூடாது என்று ஒரு நிபந்தனை. அப்படித் தரும் பக்கத்தின் தலைப்பில் 'தனிப்பட்டது, சேமிக்காதே' என்ற கேஷ் குறிப்பும்.

பார்வையாளர் எண்ணிக்கைக்கு என்று தனியே ஒரு குக்கி வைத்திருக்கிறேன். அதன் மதிப்பு வெறும் 1! எங்கள் மூவரின் வருகையும் கணக்கில் சேர்ந்து எண்ணிக்கையைக் கெடுக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் இது. இதை யாராவது போலியாகச் சேர்த்துக்கொண்டால் அவருடைய வருகை கணக்கில் வராது, அவ்வளவுதான். இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் பாதுகாப்பு ஏற்பாடு எதற்கு? பழைய நிரல் இந்தக் குக்கியை ஜாவாஸ்கிரிப்டால் எழுதியது. அக்காவின் ஐபோனில் சஃபாரி, ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளை ஏழு நாளுக்கு மேல் வைத்திருப்பதில்லை. சர்வர் தலைப்பில் அனுப்பும்படி மாற்றியதும் நிலைத்தது. நாள் கணக்கைத் தாராளமாக வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: குரோம் எந்தக் குக்கியையும் 400 நாளுக்கு மேல் வைத்திருக்காது. அடையாளக் குக்கிக்கு நான் கொடுத்தது 30 நாள், ஒவ்வொரு வருகையிலும் புதுப்பிக்கப்படும்.

'இந்த உலாவியை நினைவில் வை' என்ற பெட்டியில் டிக் தானாக இருக்காது. சென்னைப் புத்தகக் காட்சி நாட்களில் கடையில் இருக்கும் லேப்டாப்பை எல்லோரும் தொடுவார்கள். அங்கே யாரும் தெரியாமல்கூட நினைவில் வைத்துவிடக் கூடாது. டிக் செய்தால் உலாவிக்கு ஒரு பெயர் கேட்கும். உலாவி தன்னைப் பற்றிச் சொல்லும் வரியிலிருந்தே பெயரை எடுக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் குரோம் இப்போது எந்த ஆண்ட்ராய்டு ஃபோனாக இருந்தாலும் 'ஆண்ட்ராய்டு 10; கே' என்றே சொல்கிறது. பட்டியலில் எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தால் எதை நீக்குவது? இப்போது பதிப்பாளரின் பட்டியலில் 'வீட்டு கம்ப்யூட்டர்', 'மகன் ஃபோன்' என்று அவர் வைத்த பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'மறந்துவிடு' பொத்தான். கடவுச்சொல்லை மாற்றினால் எல்லாமே மறக்கப்படும். அந்தப் பெயரைத் தரவுத்தளத்தில் மட்டும் வைத்திருக்கிறேன், குக்கியில் இல்லை. தமிழைக் குக்கியில் போட்டால் குறியாக்கத்தில் ஒரு குறியீடே ஒன்பது எழுத்தாக வீங்கும். ஒரு குக்கிக்கு மொத்த இடமே ஏறக்குறைய 4,096 பைட்.

இதெல்லாம் தடுக்காத ஒன்று உண்டு. கம்ப்யூட்டரிலேயே குக்கி திருடும் தீநிரல் புகுந்துவிட்டால், எச்.டி.டி.பி-ஒன்லியோ செக்யூரோ உதவாது. அது உலாவியின் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குக்கியை அந்தச் சாதனத்தோடு பிணைத்துவிடும் ஒரு முறையைக் கூகுள் 2024இல் அறிவித்தது. எங்கள் அளவில் இப்போதைக்கு, நீக்குவதற்கும் விலை மாற்றுவதற்கும் கடவுச்சொல் கேட்கும் அந்த இரண்டாவது கதவுதான் காவல்.

கடைசியாகச் சேர்த்தது, காலாவதியான பதிவுகளை இரவில் அழிக்க, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை. அதையும் தரவுத்தள நகல் எடுக்கும் பழைய வேலையையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டாம் என்று நகலை அரை மணி தள்ளி வைத்தேன். அக்காவின் கடவுச்சொல் இப்போது நீளமானது. மாதத்தில் ஓரிரு முறைதான் அடிக்க வேண்டியிருக்கும் என்று சொன்னதும் மறுபேச்சில்லாமல் மாற்றிவிட்டார்.